ரெண்டாவது மாலை

மலாயாவுல, செரம்பான்ல இருந்து ரந்தாவ் போற வழியில இருந்த எங்க ரப்பர் எஸ்டேட்டு ஆபீஸ் தாழ்வாரத்துல, நாங்க அஞ்சடின்னு சொல்ற எடத்துல, ஜப்பான்காரன் காலத்துல, தினம் சாயங்காலம் ஐரோப்பாவைப் பங்கு போடுவாங்க. பங்கு போட்ட பெரிய மனுஷங்க ரெண்டு பேரு. ஒருத்தர் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி, இன்னொருத்தர் கூலி ஆளுங்களை மேய்க்கிற கங்காணி. கிராணிக்கு ஜெர்மன்காரன் மேல அப்படி ஒரு பாசம். கங்காணிக்கு, கிராணி எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம். அதனால ருஷ்யாக்காரன் அவருக்கு ஒட்டு உறவு மாதிரி ஆயிட்டான். வயித்துல மரவள்ளிக்கிழங்கு, கால்ல சொறி, இடுப்புல கோணிச்சாக்கு, வாயில மட்டும் உக்ரேன்.

"உக்ரேனைப் பிடிச்சாச்சு. உலகத்துக்கே கோதுமை விளையற மண்ணு அது. இனிமே ஜெர்மன்காரன் வெச்சதுதான் சட்டம்" என்பாரு கிராணி.

"பிடிச்சா போதுமா? வெச்சுக்க முடியணும்லா? ருஷ்யாக்காரன் பாட்டன் சொத்து அது. சும்மா விட்டுருவானா?" என்பாரு கங்காணி.

சுத்தி உக்காந்திருக்கிற ஆம்பளைங்க தலையாட்டுவாங்க. என்னமோ ஆளுக்கு ரெண்டு காணி அந்த மண்ணுல எழுதி வெச்ச மாதிரி.

அந்த மண்ணுல பிறந்த ஒருத்தர் கூப்பிடு தூரத்துல, ரப்பர் பாலை உறைய வெச்சு ஷீட்டு அடிக்கிற ஸ்டோர்ல, இஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தாரு. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கணும்னு இந்த ரெண்டு மேதாவிங்களுக்கும் ஒருநாளும் தோணினதில்ல. கேட்டா விஷயம் தெரிஞ்சு போயிருமே. தெரிஞ்சு போனா அப்புறம் சாயங்காலம் எதைப் பேசறது?

அவரு என் மனுஷன். தாலி கட்டல. கட்டாததுக்கு அவரு காரணம் இல்ல, எங்க கோயில்ல கட்ட விடல. என் முதல் புருஷன் காய்ச்சல்ல செத்துப்போனாரு. புள்ளை இல்ல. நான் ஸ்டோர்ல பால் தொட்டி கழுவுற வேலையில இருந்தேன். அங்கதான் இவரோட பழக்கம். ஊருக்குத் தெரியாம ஒளிஞ்சு மறைஞ்சு இருக்கிறது எனக்கு ஆகாது. ஒருநாள் பட்டப்பகல்ல, பாயைச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கூலிங்க வரிசை வீடான லயத்துல இருந்து இஞ்சின் கொட்டகைக்குப் பின்னாடி இருந்த அவரு வீட்டுக்கு நடந்து போனேன். லயமே வாசல்ல நின்னு பார்த்துச்சு. பார்க்கட்டும்.

அந்தக் கங்காணி என் முதல் புருஷனுக்குப் பெரியப்பா முறை. எனக்கு மாமா. "அவளைத் தலைமுழுகிட்டேன்"னு லயம் பூரா சொல்லிக்கிட்டுப் போனாரு. என் புருஷன் வெச்சிருந்த பசுமாட்டை மட்டும் தலைமுழுகல. அது அவரு கொட்டகையிலதான் கட்டிக் கிடந்துச்சு, அவரு வீட்டுக்குத்தான் பால் கறந்துச்சு.

என் மனுஷனை எல்லாரும் "இஞ்சின் தொரை"ன்னுதான் கூப்பிடுவாங்க. வெள்ளைத் தோலைப் பார்த்தா எங்க சனங்களுக்கு வேற வார்த்தை வாயில வராது. ஆனா நெஜமான தொரை, அதாவது இங்கிலீஷ்கார மேனேஜரு, இவரைத் தொரையாவே மதிச்சதில்ல. என் மனுஷன் கப்பல்ல இஞ்சின் ஓட்டிக்கிட்டு இருந்தவரு, சிங்கப்பூர்ல இறங்கி வேலை தேடினப்போ மேனேஜரு கூட்டிக்கிட்டு வந்த ஆளு. பங்களா குடுக்கல. கிளப்புக்குள்ள விடல. கிறிஸ்மஸுக்குக்கூட கொட்டகை வாசல்ல நின்னே ஒரு புட்டியை நீட்டிட்டுப் போவாரு. வெள்ளைக்காரன்லயும் மேல்சாதி கீழ்சாதி உண்டுன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அங்கதான். தெரிஞ்சதும் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, மறைக்கிறதுக்கு என்ன.

அவரு ஊரைப் பத்தி அவரு சொன்னதெல்லாம் எனக்குத்தான். அரைகுறைத் தமிழ்ல, அரைகுறை மலாய்ல. "வீடு ஒண்ணுதான். கொடி மாத்தி மாத்தி"ன்னு சொல்லுவாரு. அவரு பிறந்தப்போ மேற்க இருந்த ஒரு பெரிய ராஜாவோட கொடி. பள்ளிக்கூடம் போன வயசுல சண்டை வந்து, போலந்துக்காரன் கொடி. பள்ளிக்கூடத்துல அவங்க பாஷையை நிறுத்திட்டாங்களாம். நல்ல நிலமா பார்த்து, சண்டைக்குப் போய் வந்த போலந்து ஆளுங்களுக்கே குடுத்துட்டாங்களாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் ருஷ்யாக்காரன் கையில. அங்க அவங்க அம்மாவோட அக்கா குடும்பம் இருந்துச்சு. துப்பாக்கியோட வந்து, விதைநெல் மாதிரி எடுத்து வெச்சிருந்த தானியம் வரைக்கும் வழிச்சுக்கிட்டுப் போனாங்களாம். அந்தக் குடும்பத்துல ஒருத்தர் மிஞ்சல. எல்லாம் பட்டினி.

"கோதுமை விளையற ஊர்ல எப்படிங்க பட்டினி கிடந்து சாவாங்க?"ன்னு நான் கேட்டேன். அது சண்டைக்கு முன்னாடி. ஜப்பான்காரன் வந்தப்புறம் அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேக்கல. குவாலா பிலா பக்கம் வயல்ல நெல்லு நின்னுச்சு, லோரி லோரியாப் போச்சு, நாங்க கிழங்கு தின்னோம்.

ஜப்பான்காரன் வர்றான்னு தெரிஞ்சதும் மேனேஜரு தொரை காரை எடுத்துக்கிட்டு சிங்கப்பூருக்கு ஓடிட்டாரு. போறப்போ கிராணி கையைப் பிடிச்சு, "எஸ்டேட்டை உன்னை நம்பி விட்டுட்டுப் போறேன்"ன்னு சொன்னாராம். கிராணி அழுதாராம். அடுத்த வாரமே ஜப்பான் கொடியைத் தைக்கச் சொல்லி என்கிட்ட சிவப்புத் துணி கேட்டு ஆள் அனுப்பினாரு. கண்ணீர் காயறதுக்குள்ள கொடி காஞ்சிருச்சு.

எங்க சுத்துவட்டார எஸ்டேட்டையெல்லாம் ஒரு ஜப்பான் அதிகாரி பொறுப்பு எடுத்துக்கிட்டாரு. குள்ளமான ஆளு, கத்தவே மாட்டாரு, அதுதான் பயம். சந்தையில பேசற பாஸார் மலாய் நல்லாப் பேசுவாரு. மிச்சம் இருந்த வெள்ளைக்காரங்களைப் பிடிச்சு சிங்கப்பூர்ல அடைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஸ்டோருக்கு வந்தவரு, எண்ணெய்க் கையோட நின்ன என் மனுஷனைப் பார்த்து, "இவன் எந்த நாடு?"ன்னு கேட்டாரு.

"ருஷ்யா"ன்னு கிராணி முந்திக்கிட்டு சொன்னாரு.

அதுல கொஞ்சம் புத்தி இருந்துச்சு, ஒத்துக்கறேன். ருஷ்யாக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் அப்போ சண்டை இல்ல. அந்த நாட்டு ஆளுங்களைத் தொடல, கையில கட்டிக்க ஒரு துணிப்பட்டை குடுத்து விட்டுட்டாங்க. ஆனா என் மனுஷன் கப்பல் காலத்துல வாங்கின தாள்படி அவரு போலந்துக்காரரு. போலந்து ஜப்பானுக்கு எதிரி. அது தெரிஞ்சா சிங்கப்பூர் கேம்புதான். அங்க போனவங்க எப்படி இருந்தாங்கன்னு வந்து சொல்ல ஆள் இல்ல.

கிராணி காப்பாத்தினது கருணையில இல்ல. ஸ்டோர் இஞ்சின்ல பெல்ட் மாட்டி மரவள்ளிக்கிழங்கு அரைச்சு மாவாக்கிக்கிட்டு இருந்தாங்க. அதுல நல்ல மாவு கிராணி வீட்டுக்கும் கங்காணி வீட்டுக்கும் போகும், மாவு எடுத்த சக்கை, அந்தத் திப்பி, லயத்துக்கு வரும். அந்தக் கிழட்டு இஞ்சினை ஓட வைக்க இந்த ஒரு கையாலதான் முடியும். இஞ்சின் நின்னா அவங்க ரெண்டு பேரு வீட்டு அடுப்பும் நின்னுரும். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதைதான்.

கையில பட்டை கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தவரு சாப்பிடல. பட்டையை அவுத்து சுவத்துல மாட்டினாரு.

"நான் ருஷ்யா இல்ல" என்றாரு.

"இல்லைன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியணும்னு என்ன அவசியம்? சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"என் பெரியம்மா செத்துச்சு. புள்ளைங்க செத்துச்சு. நான் ருஷ்யான்னு சொல்ல முடியாது."

"செத்தவங்க செத்துட்டாங்க. நான் உயிரோட இருக்கேன். உங்களையும் வாரிக்கிட்டுப் போயிட்டா, அந்த லயத்துல போய் யாரு முகத்துல நான் முழிப்பேன்?"

எனக்கு அவரு வேணும். அதுக்கு மேல அலங்காரமா சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த எஸ்டேட்டுல என்னை மனுஷியா பார்த்தது அவரு ஒருத்தருதான். அவரு சுவத்துல இருந்து பட்டையைத் திரும்ப எடுத்துக்கிட்டு, "மத்தவன் சொல்லட்டும். நான் சும்மா இருக்கேன். தலை ஆட்டறேன். வாயால சொல்ல மாட்டேன்"ன்னு சொன்னாரு. அதுவே போதும்னு நான் விட்டுட்டேன். அப்படியே ரெண்டு வருஷம் கிட்ட ஓடிச்சு. அவங்க அஞ்சடியில உக்ரேனைப் பிடிச்சாங்க, விட்டாங்க. நாங்க இங்க கிழங்கு அரைச்சோம்.

அப்புறம் யாரோ புண்ணியவான் அதிகாரி காதுல ஓதிட்டான், அந்த இஞ்சின்காரன் ருஷ்யா இல்ல போலந்துன்னு. யாருன்னு எனக்குத் தெரியும். திப்பிக்குப் பதிலா மாவு வேணும்னு கேட்டு கிராணிகிட்ட உதை வாங்கின ஒருத்தன். கிராணியைப் பழிவாங்க என் மனுஷன்தான் கிடைச்சாரு அவனுக்கு. அதிகாரி கத்தல. "மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க, அன்னிக்கு வர்றேன். ஒரு ருஷ்யாக்காரனைக் கூட்டி வந்து நிறுத்துங்க. இவன் எங்க ஆளுன்னு அவன் சொல்லட்டும், போதும்"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

ருஷ்யாக்காரன் எங்க கிடைப்பான், சந்தைக்கடையிலயா? விசாரிச்சதுல, செரம்பான் பக்கம் தெமியாங்ல ஒரு சீனன் கடை மாடியில ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சுச்சு. அவங்க நாட்டுல ராஜாவைக் கொன்னுட்டு வேற ஆளுங்க பிடிச்சப்போ தப்பிச்சு வந்தவராம். சண்டைக்கு முன்னாடி வெள்ளைக்காரப் புள்ளைங்களுக்கு பியானோ சொல்லிக் குடுத்துப் பொழைச்சாராம். கிராணி போகல, கௌரவம். கங்காணி போகல, கால் வலி. முட்டை போட்டுக்கிட்டு இருந்த ஒரே பொட்டைக் கோழியையும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயையும் தூக்கிக்கிட்டு நான்தான் நடந்தேன்.

மாடியில அந்த மனுஷன் கோட்டு போட்டு உக்காந்திருந்தாரு. அந்த வெயில்ல கோட்டு. கோட்டுக்குள்ள சட்டை இல்ல. சப்பாத்துல அடித்தோல் தேய்ஞ்சு கட்டைவிரல் எட்டிப் பார்த்துச்சு. எனக்கு உக்கார இடம் காட்டல. நான் மலாய்ல விஷயத்தைச் சொன்னேன், தாள் போலந்துன்னு இருக்கிறதையும் சேர்த்து.

"உக்ரேனா?"ன்னு சிரிச்சாரு. "அப்படி ஒரு நாடு கிடையாது, பொம்பளை. அவனுங்க எல்லாம் எங்க ஆளுங்கதான். எங்க அப்பா வண்டியை ஓட்டினவன், எங்க வயல்ல கோதுமை அறுத்தவன். எங்க பாஷையையே கொச்சையா பேசுவான், அவ்வளவுதான். போலந்துக்காரன் நடுவுல புகுந்து, நீ தனி சாதின்னு சொல்லிக் கெடுத்து வெச்சிருக்கான்."

போலந்துக்காரன் என் மனுஷனோட பாஷையையே பள்ளிக்கூடத்துல நிறுத்தினான்னு எனக்குத் தெரியும். என்னத்துக்கு வாயைத் திறக்கணும்? காரியம் ஆகணும்.

"அப்போ நல்லதாப் போச்சு தொரை. உங்க ஆளுன்னே வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்றேன். எனக்கு அதுல சந்தோஷம்தான்"ன்னாரு. கோழியைப் பார்த்தாரு, எண்ணெயைப் பார்த்தாரு. "முன்வரிசையில நாற்காலி இருக்குமா?"

"இருக்கும் தொரை."

நாடு போச்சு, ராஜா போயிட்டாரு, சட்டை போச்சு, இன்னும் நாற்காலி கேக்குது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. எங்க கிராணியைவிட இந்த ஆளு ஒண்ணும் உசத்தி இல்லைன்னு நினைச்சுக்கிட்டே படி இறங்கினேன். மனசு கொஞ்சம் லேசா இருந்துச்சு. காரியம் பாதி முடிஞ்ச மாதிரிதானே.

மீதிப் பாதியைக் கெடுக்க எங்க சனங்களே போதும்.

எங்க கோயில்ல திருவிழா அன்னிக்கு மாலை மரியாதை உண்டு. பூசை முடிஞ்சதும் அம்மன் கழுத்துல இருந்து எடுத்த மாலையை வரிசையா போடுவாங்க. முதல் மாலை எப்பவும் மேனேஜரு தொரைக்கு. ரெண்டாவது மாலை யாருக்குங்கிறதுல கிராணிக்கும் கங்காணிக்கும் நான் பொண்ணா இருந்த காலத்துல இருந்து தகராறு. ஆபீஸை நடத்தறது நான்னு ஒருத்தர். கோயிலுக்குக் கூரை போட்டது நான்னு இன்னொருத்தர். ஒரு வருஷம் ரெண்டு பேரும் ஒரே மாலைக்குள்ள தலையை விட்டு அது அறுந்தே போச்சு. இந்த வருஷம் முதல் மாலை ஜப்பான் அதிகாரிக்கு, அதுல சண்டை இல்ல. ரெண்டாவதுக்கு மறுபடியும் பஞ்சாயத்து.

பெரட்டுக்களத்துல, காலையில ஆள் எண்ணுவாங்களே அந்த இடத்துல, கூட்டம் போட்டாங்க. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிச்சுக்கிட்டுப் போய் பாதி லயம் காலி. இருக்கிறவங்க கால்ல புண்ணு. பொங்கல் வைக்க அரிசி இல்ல, கேழ்வரகுதான். அந்த நெலமையில உக்காந்து, ரெண்டாவது மாலை எந்தக் கழுத்துக்குன்னு சாயங்காலம் வரைக்கும் பேசினாங்க. கடைசியில யாரோ ஒருத்தன், "உங்க ரெண்டு பேருக்கும் வேணாம், இஞ்சின் தொரைக்குப் போட்டுருங்க. எஸ்டேட்டுல மிச்சம் இருக்கிற தொரை அவருதானே"ன்னான்.

கங்காணி கிராணியைப் பார்த்தாரு. கிராணி கங்காணியைப் பார்த்தாரு. எதிராளிக்குக் கிடைக்காதுன்னதும் ரெண்டு மூஞ்சியிலயும் ஒரே நிம்மதி.

நான் எழுந்து நின்னேன். "அவருக்கு எந்த மாலையும் வேணாம். சும்மா பின்னாடி நிக்கட்டும். ருஷ்யாக்காரரு வந்து சொல்லிட்டுப் போகட்டும். அவருக்கு வேணா போடுங்க."

"பொம்பளை பேசற எடமா இது?" என்றாரு கங்காணி, என்னைப் பார்க்காம.

"மாமா, அந்த ஆளு மரியாதை எதிர்பார்த்து வர்றாரு. முன்வரிசை நாற்காலி கேட்டவரு."

"அசலூர்க்காரனுக்கு எப்படி ரெண்டாவது மாலை? எஸ்டேட்டு ஆளுக்கு அப்புறம்தான் வெளியாளு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கிராணி சமாதானம் சொன்னாரு. "உனக்கு நல்லதுதான் செய்யறோம். மாலை மரியாதையோட இருக்கிற ஆளுன்னு பார்த்தா ஜப்பான்காரனே தொட யோசிப்பான்."

பெரிய இடம்னு காட்டினா எவனும் தொட மாட்டான்னு நம்பற சாதி எங்க சாதி. வெள்ளைக்காரன் பெரிய இடம்னு தெரிஞ்சாதான் ஜப்பான்காரன் தொடுவான்னு, ரெண்டு வருஷமா கண்ணால பார்த்தும் மண்டையில ஏறல. ஐரோப்பாவை அளக்கிற மண்டை, இதுல மட்டும் களிமண்ணு.

திருவிழா அன்னிக்கு அதிகாரி வந்தாரு, கூட ரெண்டு சிப்பாய். எல்லாரும் குனிஞ்சு கும்பிட்டோம். ருஷ்யாக்காரரும் வந்தாரு, அதே கோட்டு. சட்டை ஒண்ணு எங்கயோ கடன் வாங்கியிருந்தாரு. நாற்காலி போட்டிருந்துச்சு. என் மனுஷன் சலவை வேட்டி கட்டி, கையில பட்டையோட, தூணோரம் நின்னாரு. நான் பொம்பளைங்க பக்கம்.

பூசைக்கு முன்னாடியே அதிகாரி விஷயத்துக்கு வந்துட்டாரு. தூணோரம் விரலைக் காட்டி, "இவன் யாரு?"ன்னு மலாய்ல கேட்டாரு.

"எங்க ஆளு"ன்னாரு ருஷ்யாக்காரரு. "ருஷ்யாவோட குடியானவன். பார்த்தாலே தெரியும்."

அதிகாரி என் மனுஷனைப் பார்த்தாரு. இவரு சொன்ன சொல் தவறாம தலையை ஆட்டினாரு. அதிகாரி சரின்னு நாற்காலியில சாஞ்சு உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. ஆத்தான்னு மனசார கும்பிட்டேன்.

பூசை முடிஞ்சு, மேளம் அடிச்சு, கங்காணி தாம்பாளத்துல மாலையோட வந்தாரு. முதல் மாலை அதிகாரிக்கு விழுந்துச்சு. அடுத்தது தனக்குன்னு ருஷ்யாக்காரரு எழுந்து, கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, கழுத்தைக் குனிஞ்சு நீட்டினாரு. கங்காணி அந்தக் கழுத்தைத் தாண்டி நடந்தாரு. நேரா தூணுக்குப் போயி, என் மனுஷன் கழுத்துல ரெண்டாவது மாலையைப் போட்டாரு. மேளக்காரன் வேற ஓங்கி அடிச்சான். குனிஞ்ச கழுத்து குனிஞ்சபடியே நின்னுச்சு. நண்டு சிண்டெல்லாம் சிரிச்சுருச்சு.

ருஷ்யாக்காரரு நிமிர்ந்தப்போ முகம் வெத்தலை துப்பின மாதிரி சிவந்திருந்துச்சு.

"எனக்கு முன்னாடி இவனுக்கா?"ன்னு மலாய்ல கத்தினாரு. "என் வண்டிக்காரன் சாதி இவன். எனக்கு முன்னாடி மாலை வாங்கறானா? நான் பாவம் பார்த்து எங்க ஆளுன்னு சொன்னேன். அவனே சொல்லட்டும். ருஷ்யாவுக்கு அடங்கின குடியானவன் நான்னு என் முன்னால நின்னு வாயால சொல்லட்டும். இல்லைன்னா இவன் போலந்து. தாளைப் பாருங்க, போலந்து."

மேளம் நின்னுச்சு. அதிகாரி மெதுவா எழுந்தாரு. மாலையோடயே நடந்து தூண்கிட்ட போனாரு. "ருஷ்யாவா?"ன்னு கேட்டாரு. "சொல்லு."

என் மனுஷன் என்னைத் தேடிப் பார்த்தாரு. சொல்லுங்கன்னு நான் தலையை ஆட்டினேன். கையைக் கூப்பினேன். ஒரு வார்த்தை. மலாய்ல சொன்னா போதும், முழுசாக்கூட சொல்ல வேணாம். அவரு மாலையைக் கழட்டினாரு. நாலு எட்டு நடந்து, ருஷ்யாக்காரரு கழுத்துல அதைப் போட்டாரு.

"மாலை உங்களுக்கு வெச்சுக்குங்க"ன்னாரு. அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பி, "நான் ருஷ்யா இல்ல. போலந்து இல்ல. உக்ரேன்"ன்னாரு.

அதிகாரி கிராணியைக் கேட்டாரு. "அப்படி ஒரு நாடு இருக்கா?"

"தெரியாதுங்க"ன்னாரு கிராணி.

"கேள்விப்பட்டதே இல்லீங்க"ன்னாரு கங்காணி.

தூ. ரெண்டு வருஷமா சோறு இல்லாட்டியும் அந்தப் பேரை மென்னு தின்ன வாய்ங்க.

சிப்பாய் ரெண்டு பேரும் அவரை அறைஞ்ச சத்தம் கோயிலுக்குள்ள கேட்டுச்சு. கீழ விழுந்தவரைத் தூக்கி லோரிகிட்ட இழுத்துக்கிட்டுப் போனாங்க. ருஷ்யாக்காரரு மாலையோட நின்னாரு. இப்போ அதைக் கழட்டவும் தைரியம் இல்ல, போட்டுக்கவும் தைரியம் இல்ல. அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, சத்தம் போடாம கேட்டாரு, "இவனுக்கு இங்க யாரு இருக்கா? இத்தனை நாள் மறைச்சு வெச்சது யாரு?"

நான் ஆம்பளைங்களைத் தள்ளிக்கிட்டு முன்னால வந்தேன். எதுக்கும் பயம் வரல. கோபம்தான். அந்த ரெண்டு கிழங்க மேல, அந்தக் கோட்டு மேல, இந்தப் பிடிவாதக்கார மனுஷன் மேல, எல்லாத்து மேலயும்.

"நான் இவரு பொண்டாட்டி"ன்னு மலாய்ல சொன்னேன். எனக்குத் தாலி கட்ட விடாத அம்மன் முன்னாடி நின்னுதான் சொன்னேன்.

அவரு லோரி மேல இருந்தாரு. உதட்டுல ரத்தம். என்னைப் பார்க்கவே இல்ல. அதிகாரியைப் பார்த்து, எங்க எல்லாருக்கும் புரியற மாதிரி நல்ல மலாய்ல சொன்னாரு, "இந்தப் பொம்பளை யாருன்னு எனக்குத் தெரியாது. கொட்டகையில தண்ணி தூக்கற கூலி. புத்தி சரியில்ல."

"பொய்"ன்னு கத்தினேன். அவரு இன்னும் சத்தமா, "கூலி"ன்னாரு.

அதிகாரி கங்காணியைப் பார்த்தாரு. "ஆமாங்க, கூலிதான். எல்லாருக்கும் தெரியும்"ன்னாரு என் மாமா. தலைமுழுகினது அன்னிக்குத்தான் அவருக்கு உதவிச்சு. என்னை ரெண்டு பொம்பளைங்க பிடிச்சு இழுத்து உக்கார வெச்சாங்க. லோரி போயிருச்சு. அடுத்த வாரம் இஞ்சின் நின்னு போச்சு, மாவும் நின்னு போச்சு. நான் மறுபடி லயத்துல ஒரு மூலையில ஒண்டிக்கிட்டேன்.

சண்டை முடிஞ்சு இங்கிலீஷ்காரன் திரும்பி வந்தான். கிராணி அழுதுக்கிட்டே வரவேத்தாரு, அவருக்கென்ன, கண்ணீர் எப்பவும் தயாரா இருக்கும். கேம்புல இருந்தவங்க விவரம் செரம்பான்ல ஒரு ஆபீஸ்ல சொல்றாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு இங்கிலீஷ் வராது, கிராணியை இழுத்துக்கிட்டுப் போனேன். மேசைக்குப் பின்னாடி இருந்த வெள்ளைக்காரப் பையன் தேடிப் பார்த்துட்டு, வயித்துப்போக்குல இறந்துட்டாருன்னு சொன்னான். புதைச்ச இடம் கேட்டேன். அவரு சட்டை, அவரு கத்தி, ஏதாச்சும் இருந்தா குடுங்கன்னு கேட்டேன். அவன் நல்ல மாதிரியாத்தான் பேசினான். செத்தவரு பிறந்த ஊரு இப்போ ருஷ்யாவுக்குப் போயிருச்சாம். அதனால எல்லாம் அவங்க கவர்மெண்டுக்குத்தான் சொல்லணுமாம். சொந்த பந்தம் யாராச்சும் இருந்தா மட்டும் குடுக்கலாமாம்.

"நான் இருக்கேன்ல. பொண்டாட்டின்னு சொல்லுங்க"ன்னேன் கிராணிகிட்ட.

கிராணி என்னைப் பாவமா பார்த்தாரு. நெஜமாவே பாவமாத்தான். "எப்படிம்மா சொல்றது? கோயில்ல அத்தனை பேர் முன்னாடி யாருன்னே தெரியாதுன்னு அவரே சொன்னாரே"ன்னாரு.

தன் உசிரைக் காப்பாத்திக்க ஒரு பொய் சொல்ல மாட்டேன்னுட்டாரு. என் உசிருக்காக ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. அவரு வாயில இருந்து வந்ததுல அது ஒண்ணைத்தான் இந்த ஊர் நம்பிச்சு.